எந்தப் பாகம் பழசு?

(திருப்பூரில் நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய லேப்டாப்பைச் சரிசெய்வது பற்றிப் பேசுங்கள் என்று நூலகர் அம்மா கேட்டார். வெறும் வாய்ப்பேச்சில் விளங்குகிற விஷயம் இல்லை இது. அதனால் ஒரு லேப்டாப்பையும், திருப்புளி செட்டையும், ஒரு பெயின்ட் பிரஷையும் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். மேஜை மேல் இருப்பது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. பிளஸ் டூ படிக்கும்போது இதை வாங்கியவர் இப்போது நம் ஊர் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறார். "ஆன் பண்ணுனா பத்து நிமிஷம் ஆகுதுங்க சார், எடைக்குப் போட்டுடலாமுங்களா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். போடாதீர்கள், நூலகத்தில் ஒரு கூட்டம் இருக்கிறது, அங்கே திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வாங்கி வைத்தேன்.

அந்த விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதன் பிறகு வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் கைக்குப் போயிருக்கின்றன. பல வீடுகளில் முதன்முதலாக உள்ளே வந்த கணினியே அதுதான். அவை இப்போது எங்கே என்று கேட்டால் அட்டாலியில், பீரோவுக்கு அடியில், பழைய இரும்புக் கடையில் என்றுதான் பதில் வருகிறது. அவற்றில் பெரும்பகுதி கெட்டுப்போனதால் அங்கே போகவில்லை. "பழசாயிடுச்சு" என்று ஒரு வார்த்தையில் தீர்ப்பு எழுதப்பட்டதால் போயிருக்கிறது.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். லேப்டாப் மொத்தமாகப் பழசாவதில்லை. அதற்குள் இருக்கிற பாகங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி வேகத்தில் தேய்கின்றன. பேட்டரி மூன்று நான்கு வருடத்தில் தளரும். சுழலும் ஹார்ட் டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஃபேன் தூசி அடைத்துத் திணறும். ஆனால் புராசஸர் தேய்வதில்லை. நல்ல சூட்டளவில் வைத்திருந்தால் 2011-ல் ஒரு நொடிக்கு எத்தனை கணக்குப் போட்டதோ அத்தனையை இன்றும் அதே வேகத்தில் போடும். ஆகவே கடைக்குப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி "இது பழசா?" என்பதில்லை. "எந்தப் பாகம் பழசு?" என்று கேட்க வேண்டும்.

இதோ, இந்த லேப்டாப்பைத் திருப்பிப் போடுகிறேன். முதலில் சார்ஜரைப் பிடுங்குகிறேன், பேட்டரியைக் கழற்றுகிறேன், பிறகு பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்கிறேன். உள்ளே தேங்கியிருக்கிற மின்சாரம் வடிந்துவிடும். இதைச் செய்யாமல் ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள். இப்போது அடிப்பக்க மூடியில் இரண்டு ஸ்க்ரூ. கழற்றியாயிற்று. இடது பக்கம் உள்ளங்கை அளவுக்கு ஒரு வெள்ளிநிறப் பெட்டி தெரிகிறதல்லவா, அதுதான் ஹார்ட் டிஸ்க். பத்து நிமிடத் தாமதம் இங்கிருந்துதான் வருகிறது.

ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். இந்த இடம் புரிந்துவிட்டால் பாதி ரிப்பேர் புரிந்துவிடும். லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றுபவை. ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். நமக்கு வேண்டிய தகவல் தட்டில் எங்கே இருக்கிறதோ அந்த இடம் அதைப் படிக்கிற முள்ளுக்குக் கீழே வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முள் சரியான தடத்துக்கு நகர்வதற்கு இன்னும் ஒரு 12 மில்லி செகண்ட். கூட்டிப் பார்த்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கிற சின்னச் சின்னத் தகவல்களில் நொடிக்கு ஏறக்குறைய 60-ஐத்தான் இது எடுத்துத் தர முடியும். விண்டோஸ் எழுந்து நிற்பதற்கு ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைப் படித்தாக வேண்டும். அவ்வளவு நேரமும் புராசஸர் சும்மா உட்கார்ந்திருக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சிபியூ பத்து சதவீதம், டிஸ்க் நூறு சதவீதம் என்று காட்டினால் ஆள் யார் என்று தெரிந்துவிட்டது.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதற்கும் நகர்வதற்கும் எதுவுமே இல்லை. ஒரு தகவலை எடுக்க ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்கு போதும். நொடிக்கு 60 என்பது ஆயிரக்கணக்காக மாறுகிறது. "என்னுடையது பழைய சாட்டா-2 லேப்டாப், இதில் புது எஸ்.எஸ்.டி. போட்டால் முழு வேகம் வராதாமே?" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். எஸ்.எஸ்.டி. நொடிக்கு 550 எம்பி வரை தரக்கூடியது, அந்தப் பழைய இணைப்பில் அதில் பாதிதான் வரும். ஆனால் அது பெரிய சினிமா ஃபைலை மொத்தமாக நகலெடுக்கும்போது வருகிற கணக்கு. நம்மைக் கொல்வது மொத்த வேகமல்ல, காத்திருப்பு. காத்திருப்பு பழைய இணைப்பிலும் அப்படியே ஒழிந்துவிடும். 2009, 2010 மாடல்களில்கூடத் தயங்காமல் போடலாம்.

மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது டேட்டாவைக் காப்பாற்றுவது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி கேபிள் ஒன்றில் மாட்டி, இன்னொரு கணினியில் நகலெடுத்துக்கொள்ளலாம். கல்யாண போட்டோ, செத்துப்போன அப்பாவின் குரல், பட்டயச் சான்றிதழின் ஸ்கேன் என்று மனிதர்கள் எதையெதையோ இதற்குள் வைத்திருக்கிறார்கள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் "இன்னொரு தடவை ஆன் பண்ணிப் பார்ப்போம்" என்று முயலாதீர்கள். ஒவ்வொரு முறையும் முள் தட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கலாம். அப்படியே அணைத்துவிட்டு, டேட்டா ரெகவரி தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது ராம். ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்திலேயே, நம் விரல் நீளத்துக்கு, பச்சை நிறத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமும் உள்ள கிளிப்பை வெளியே தள்ளினால் தானாகச் சாய்ந்து எழுந்து நிற்கும். இதில் ஒரு ஸ்லாட்டில் 2 ஜிபி, இன்னொரு ஸ்லாட் காலி. காலி ஸ்லாட்டைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு ஏதோ ஒரு ராமை வாங்கி வந்துவிடக் கூடாது. டிடிஆர்3-க்கு இருக்கிற வெட்டு ஒரு இடத்தில், டிடிஆர்4-க்கு வேறு இடத்தில். மாறிப் போனால் உள்ளே இறங்காது, அதனால் ஆபத்தில்லை. ஏமாற்றுவது டிடிஆர்3-ம் டிடிஆர்3எல்-ம்தான். இரண்டுக்கும் 204 கால்கள், ஒரே வெட்டு, ஒரே தோற்றம். முதலாவது 1.5 வோல்ட்டில் ஓடும், இரண்டாவது 1.35 வோல்ட்டில். எல் போட்டதைப் பெரும்பாலும் இரண்டு வகை லேப்டாப்பிலும் போடலாம். எல் இல்லாததை 2013-க்குப் பிறகு வந்த குறைந்த வோல்ட் லேப்டாப்பில் போட்டால் பல சமயம் திரையே வராது. "ராம் போட்டேன், போர்டு போயிடுச்சு" என்று பதறிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. போர்டு போயிருக்காது. பழைய ராமை மறுபடி போட்டால் எழுந்துவிடும்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கிற விண்டோஸ் வில்லையைப் பாருங்கள். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்று போட்டிருந்தால், நீங்கள் எத்தனை ஜிபி ராம் போட்டாலும் அந்த விண்டோஸ் 2 ஜிபிக்கு மேல் தொடாது. மைக்ரோசாப்ட் வைத்த வரம்பு அது. 32 பிட் விண்டோஸ் எதுவாக இருந்தாலும் 4 ஜிபிக்கு மேல் பிரயோசனம் இல்லை. ராம் வாங்கிப் போட்டும் ஒன்றும் மாறவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும். ராமோடு சேர்த்து 64 பிட் இயங்குதளத்தையும் போட்டால்தான் செலவுக்குப் பலன் கிடைக்கும்.

2025-ன் கடைசியிலிருந்து ராம் விலையும் எஸ்.எஸ்.டி. விலையும் ஏறிக்கொண்டிருக்கின்றன. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படுகிற டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். இந்த நேரத்தில், போர்டு போன லேப்டாப்பிலிருந்து கழற்றிய நல்ல ராமைக் குப்பையில் போடுவது பணத்தைக் குப்பையில் போடுவதற்குச் சமம். சென்னை ரிச்சி தெருவில் கழற்றிய ராமைச் சோதித்து விற்கிற கடைகள் வரிசையாக இருக்கின்றன. ராம் தேய்கிற பொருள் இல்லை. நம்பிக்கையான கடையாக இருந்தால் செகண்ட் ஹேண்ட் ராமைத் தாராளமாக வாங்கலாம். செகண்ட் ஹேண்ட் பேட்டரியை மட்டும் வாங்காதீர்கள்.

இப்போது நம் ஊருக்கே உரிய ஒரு விஷயத்தைக் காட்டப் போகிறேன். முன்வரிசையில் இருப்பவர்கள் எழுந்து வந்து பார்க்கலாம். கீபோர்டை எடுத்து, மேல் மூடியையும் தூக்கிவிட்டேன். ஃபேன் தெரிகிறது. ஃபேனிலிருந்து வெளியேறுகிற காற்று இந்தச் செம்புத் தகடுகளுக்கு நடுவே புகுந்து பக்கவாட்டில் வெளியே போக வேண்டும். ஃபேனைக் கழற்றுகிறேன். ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே பாருங்கள், சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. பிரஷால் தட்டினால் உதிராது. இடுக்கியால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வருகிறது. இது பனியன் பஞ்சு. தையல் கூடத்திலும் கட்டிங் டேபிளிலும் பறக்கிற பஞ்சுத் தூசியைப் பத்து வருடமாக இந்த ஃபேன் உறிஞ்சி உறிஞ்சி, தானே ஒரு துணி நெய்து வைத்திருக்கிறது. கரூரிலிருந்து வருகிற லேப்டாப்பிலும் இதே கதைதான். நாகப்பட்டினம், தூத்துக்குடிப் பக்கமிருந்து வருவதில் பஞ்சு இருக்காது. உப்புக்காற்றில் கனெக்டர்கள் பச்சை பூத்திருக்கும்.

காற்று போக வழியில்லை என்றால் சூடு ஏறுகிறது. இன்டெல் லேப்டாப் புராசஸர்கள் பலவற்றுக்கும் 100 டிகிரி செல்சியஸ் எல்லை. அதை நெருங்கியதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் போனால் சட்டென்று அணைந்துவிடும். உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு "ஸ்லோ ஆயிடுச்சு, அடிக்கடி ஆஃப் ஆகுது" என்று மட்டும் தெரிகிறது. இதற்கு ஹார்ட் டிஸ்க்கும் காரணமில்லை, வைரஸும் காரணமில்லை. பட்டையை எடுத்து, புராசஸர் மேல் காய்ந்து பொரிந்து கிடக்கிற தெர்மல் பேஸ்ட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஒரு உளுந்து அளவுக்குப் புதுப் பேஸ்ட் வைத்து மூடினால் போதும். ஒரு எச்சரிக்கை: கடையில் பிளோயரை வைத்து வெளியிலிருந்தே ஊதினால், பட்டை உள்ளுக்குள் இன்னும் இறுகிப் போகலாம். ஃபேன் இறக்கையும் கன்னாபின்னாவென்று சுற்றி பேரிங் போகும். ஊதுவதானால் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். "சர்வீஸ் பண்ணியாச்சு" என்று சொல்கிற கடைக்காரரிடம், ஃபேனைக் கழற்றிச் செய்தீர்களா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பேட்டரி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் கவனமாகக் கேளுங்கள். லித்தியம் செல்லுக்குச் சூடும் ஆகாது, எப்போதும் முழு சார்ஜில் இருப்பதும் ஆகாது. நாள் முழுக்கச் சார்ஜரில் சொருகியே வேலை செய்கிறவர்கள், லேப்டாப்பில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்துகிற வசதி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் போட்டுவிடுங்கள். டச்பேட் திடீரென்று அழுந்தவில்லை, நடுவில் மேடு தட்டியிருக்கிறது, கீழ் மூடி மேஜையில் படியாமல் ஆடுகிறது என்றால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அதை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். வெடித்துத் தீப்பிடிக்கக்கூடிய பொருள் அது. குழந்தைகள் படிக்கிற மேஜையில் அதை ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது.

சில கடைகளில் பழைய பேட்டரியைப் பிரித்துப் புது செல் போட்டுத் தருகிறோம் என்பார்கள். பல பேட்டரிகளுக்குள் ஒரு சிப் இருக்கிறது. செல் கெட்டுவிட்டது என்று அது ஒருமுறை பதிந்துகொண்டால், செல்லை மாற்றினாலும் பூட்டைத் திறக்காது. கம்பெனி பேட்டரி கிடைக்காத மாடல்களில் நல்ல மாற்று பேட்டரி வாங்குவதே பாதுகாப்பு. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லெனோவோவின் திங்க்பேட் வகையில் 2011-ல் வந்த எக்ஸ்220 எந்த பேட்டரியையும் ஏற்றுக்கொண்டது. அதற்கு அடுத்த வருடம் வந்த எக்ஸ்230, பேட்டரி தன் கம்பெனியுடையதுதானா என்று சோதித்து, இல்லையென்றால் சார்ஜ் ஏற்ற மறுத்தது. ஒரு வருட இடைவெளியில், விலை கொடுத்து வாங்கியவரின் கையிலிருந்து ஒரு உரிமை போயிற்று. இதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

சின்னச் சின்னப் பழுதுகள் எத்தனை பெரிய தீர்ப்புகளுக்குக் காரணமாகின்றன என்பதற்கு ஒரு உதாரணம். ஒரு ஆசிரியை லேப்டாப்பைக் கொண்டு வந்தார். எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் "இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று வருகிறது, வைரஸ் முற்றிவிட்டது, புதுசு வாங்கச் சொல்கிறார்கள் என்றார். திரையின் மூலையில் தேதியைப் பார்த்தேன். பல வருடம் பின்னால் காட்டியது. போர்டில் இருக்கிற காசு வடிவ பேட்டரி, சிஆர்2032 என்று பெயர், 3 வோல்ட், தீர்ந்து போயிருந்தது. அணைத்துச் சார்ஜரைப் பிடுங்கும்போதெல்லாம் லேப்டாப் தேதியை மறந்துவிடுகிறது. வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்றுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கணினியின் தேதி தப்பாக இருந்தால் சான்று செல்லாது என்று பிரவுசர் நினைத்துக்கொள்கிறது. ஒரு காசு பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்ததும் எல்லா வெப்சைட்டும் திறந்தன. அந்த ஆசிரியைக்குப் புது லேப்டாப் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல்.

போர்டே போய்விட்டால் என்ன செய்வது? "டெட்" என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கிற கடைகளும் உண்டு, போர்டையே மாற்றச் சொல்கிற கடைகளும் உண்டு. சிப் லெவல் வேலை தெரிந்த மெக்கானிக் அப்படிச் சொல்லமாட்டார். சார்ஜரிலிருந்து வருகிற 19 வோல்ட் போர்டுக்குள் நுழைந்து, முதலில் 3.3, 5 வோல்ட்டுகளாகப் பிரிந்து, பிறகு புராசஸருக்கும் ராமுக்கும் தனித்தனியாக இறங்குகிறது. அந்த வழியில் ஏதோ ஒரு இடத்தில் ஷார்ட் ஆகியிருக்கும். பெரும்பாலும் கடுகளவு இருக்கிற ஒரு செராமிக் கெபாசிட்டர்தான் குற்றவாளி. போர்டில் அப்படி நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மல்டிமீட்டரில் ஷார்ட் எந்த லைனில் என்று பார்த்துவிட்டு, அந்த லைனுக்கு ஒரு வோல்ட் போலக் குறைந்த மின்னழுத்தம் கொடுத்து, போர்டு மேல் ஸ்பிரிட்டைத் தெளிப்பார். எல்லா இடமும் ஈரமாக இருக்கும்போது ஒரே ஒரு புள்ளி மட்டும் முதலில் காயும். ஷார்ட் ஆன கெபாசிட்டர் சூடாகிற இடம் அது. ஹாட் ஏர் வைத்து அதை எடுத்துவிட்டால், பல சமயம் லேப்டாப் உடனே உயிர் பெறும். இந்த வேலையைச் செய்கிறவர்களில் பலர் ஐடிஐயோ டிப்ளமோவோ படித்தவர்கள், பெரிய பட்டம் எதுவும் இல்லாதவர்கள். அவர்களுடைய கையிலிருக்கிற அறிவுக்கு இந்தச் சமூகம் போதிய மரியாதை கொடுக்கவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

அவர்களுக்கு இருக்கிற பெரிய இடைஞ்சல் சர்க்யூட் வரைபடம். எந்த லைன் எங்கே போகிறது என்று காட்டுகிற அந்தப் படத்தைக் கம்பெனிகள் வெளியே கொடுப்பதில்லை. கழற்றி மாட்டுவது எப்படி என்கிற சர்வீஸ் கையேட்டை டெல், எச்பி, லெனோவோ ஆகியவை இணையத்திலேயே யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கின்றன. அதைப் பாராட்டத்தான் வேண்டும். உங்கள் மாடல் எண்ணோடு சர்வீஸ் மேனுவல் என்று தேடுங்கள், எந்த ஸ்க்ரூ எந்த நீளம் என்பது வரை படத்தோடு கிடைக்கும். திறப்பதற்கு முன் அதைப் படித்துவிட்டுத் திறங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூ இடத்தில் போட்டு இறுக்கினால், நுனி போர்டையோ கீபோர்டையோ குத்திவிடும்.

மென்பொருள் பக்கம் வருவோம். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வருகிறது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைப் புராசஸராவது வேண்டும். எட்டாம் தலைமுறை லேப்டாப்கள் வரத் தொடங்கியது 2017-ன் பிற்பகுதியில். அதற்கு முன் வாங்கிய நல்ல லேப்டாப்கள் ஏறக்குறைய அனைத்தும், ஒரு ஸ்க்ரூகூடக் கழலாமல், ஒரே நாளில் காலாவதி என்று அறிவிக்கப்பட்டுவிட்டன. ஆறாம் தலைமுறை ஐ5 வைத்திருக்கிற ஒருவர் எஸ்.எஸ்.டி. போட்டு, 8 ஜிபி ராம் போட்டு அருமையாக ஓட்டிக்கொண்டிருக்கிறார். அதைப் பழசு என்று எந்த நியாயத்தில் சொல்வது?

இதற்கு லினக்ஸ் இயங்குதளம் ஒரு வழி. லினக்ஸ் மின்ட் போன்றவற்றைப் பென் டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சவுண்ட், பிரிண்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். தமிழ்99 விசைப்பலகை அதிலும் இருக்கிறது. அரசு கொடுத்த லேப்டாப்களில் பாஸ் என்கிற லினக்ஸும் சேர்ந்தே வந்தது நினைவிருக்கலாம். சி-டாக் நிறுவனம் இங்கேயே உருவாக்கியது அது. பெரும்பாலோர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. பள்ளியில் யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

ஆனால் லினக்ஸ் எல்லாருக்கும் சரிப்படும் என்று சொல்லமாட்டேன். டேலியில் கணக்கு எழுதுகிறவர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் சொருகி அரசு தளங்களில் வேலை செய்கிறவர், விண்டோஸில் மட்டும் ஓடுகிற எம்ப்ராய்டரி டிசைன் சாஃப்ட்வேர் வைத்திருப்பவர் ஆகியோருக்கு அது தலைவலிதான். அவர்கள் எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் லேப்டாப்பைப் பார்ப்பது நல்லது. படிக்கிற பிள்ளை, டைப் அடிக்கிற எழுத்தாளர், பாடம் பார்க்கிற ஆசிரியர் ஆகியோருக்கு லினக்ஸ் தாராளமாகப் போதும். பழைய லேப்டாப்பில் யூடியூப் திணறினால் அதற்கும் காரணம் உண்டு. இப்போதைய வீடியோக்கள் வருகிற புது வடிவங்களைப் பிரிக்கிற வன்பொருள் 2011 சிப்பில் கிடையாது. புராசஸர் தனியாக மூச்சு வாங்கிப் பிரிக்கிறது. பழைய எச்.264 வடிவத்திலேயே வீடியோவைக் கேட்கிற ஒரு சிறு எக்ஸ்டென்ஷனைப் பிரவுசரில் போட்டால், 720-ல் சிரமமில்லாமல் ஓடும்.

எதைக் காப்பாற்ற வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் புகுந்து பல இடத்தில் பச்சை பிடித்த போர்டு வேண்டாம். 32 பிட் மட்டுமே தெரிந்த புராசஸரும் வேண்டாம். டெபியன்கூட 2025 ஆகஸ்ட்டில் வந்த 13-வது பதிப்பிலிருந்து அதற்கு இன்ஸ்டாலர் தருவதை நிறுத்திவிட்டது. இன்னொன்று, விலை மலிவு என்று ஆசைப்பட்டு வாங்கிய 2 ஜிபி ராம், 32 ஜிபி மெமரி லேப்டாப்கள். அதில் ராமும் மெமரியும் போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்டவை. விண்டோஸின் பெரிய அப்டேட் இறங்கக்கூட இடம் போதாமல் திண்டாடியவை அவை. மேம்படுத்த ஒரு வழியும் வைக்காமல் செய்து விற்கப்பட்டவை. வாங்கியவர்களில் பெரும்பாலோர் குறைந்த வருமானக்காரர்கள் என்பதுதான் எனக்குத் தாங்கமுடியாத விஷயம்.

மெலிசாக வேண்டும், எடை குறைய வேண்டும் என்ற பெயரில் இது மேல்தட்டு லேப்டாப்களிலும் நடந்தது. ஆப்பிள் 2012-ல் கொண்டு வந்த ரெட்டினா மேக்புக் புரோவில் ராமை போர்டோடு சாலிடர் செய்தது. அதே ஆண்டு வந்த திங்க்பேட் எக்ஸ்1 கார்பனிலும் அப்படியே. இன்டெல் லேப்டாப் புராசஸர்களைக் கழற்றி மாட்டுகிற வசதி நான்காம் தலைமுறையோடு முடிந்தது. மெலிசு என்பதற்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பதற்கும் சாட்சி உண்டு. அமெரிக்காவில் 2021-ல் ஃப்ரேம்வொர்க் என்ற கம்பெனி, போர்டு உட்பட எல்லாப் பாகத்தையும் வாங்கியவரே மாற்றிக்கொள்கிற மெல்லிய லேப்டாப்பைச் செய்து விற்கத் தொடங்கியது. செய்ய முடியும். செய்யச் சொல்லி நாம்தான் கேட்கவில்லை.

கேட்ட நாடுகளில் மாற்றம் வருகிறது. பிரான்சில் 2021 ஜனவரி முதல், லேப்டாப் விற்கிற கடையில் அதைப் பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் என எழுதி ஒட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரியிலிருந்து, கையில் எடுத்துப் போகிற சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே கழற்றும்படி வைத்தாக வேண்டும் என்று சட்டம் செய்திருக்கிறார்கள். நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று ஒரு இணையதளமும் தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆனால் உதிரிப் பாகமும் சர்க்யூட் படமும் தெருவோரச் சர்வீஸ் கடைக்குக் கிடைக்கிற அளவுக்கு அது இன்னும் வளரவில்லை. சட்டமாக வர வேண்டும் என்பது என் திடமான எண்ணம்.

ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட உலக மின்கழிவு அறிக்கையின்படி 2022-ல் மட்டும் உலகம் வெளியே எறிந்த மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்தது 22.3 சதவீதம். மீதி எரிக்கப்படுகிறது, அமிலத்தில் கரைக்கப்படுகிறது, மண்ணில் புதைகிறது. ஒரு லேப்டாப் தன் வாழ்நாளில் ஏற்படுத்துகிற கார்பனில் பெரும்பங்கு அதை நாம் வாங்குவதற்கு முன்பே, தொழிற்சாலையிலேயே வெளியாகிவிடுகிறது. ஆகவே ஏற்கெனவே செய்து முடித்ததை இன்னும் சில வருடம் ஓட்டுவதைவிடப் பெரிய சிக்கனம் இதில் கிடையாது. சாயப்பட்டறைக் கழிவால் நொய்யல் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்த ஊர் நம்முடையது. கழிவு என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப்போ டேப்லெட்டோ தருவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. புதிதாக வாங்குகிற பிள்ளைகளிடம் சொல்கிறேன்: முதல் நாளிலிருந்தே அதன் பேட்டரியையும் ஃபேனையும் கவனியுங்கள். கடையில் சொந்தக் காசு கொடுத்து வாங்குகிறவர்களிடம் சொல்கிறேன்: ராம் ஸ்லாட்டில் இருக்கிறதா, சாலிடரா? எஸ்.எஸ்.டி. கழற்ற வருமா? பேட்டரி தனியாகக் கிடைக்குமா? இந்த மூன்றையும் கேட்டு, பதில் வந்த பிறகு பணத்தை எடுங்கள்.

மேஜை மேல் இருக்கிற இந்த லேப்டாப்புக்கு வேண்டியது ஒரு எஸ்.எஸ்.டி., ஒரு 4 ஜிபி ராம், புதுத் தெர்மல் பேஸ்ட். போர்டு, திரை, கீபோர்டு எல்லாம் நன்றாக இருக்கின்றன. சரிசெய்து சொந்தக்காரரிடம் கொடுத்துவிடுவேன். அவருக்குத் தேவைப்படாவிட்டால் பிளஸ் டூ படிக்கிற யாருக்காவது கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் சும்மா கிடக்கிற லேப்டாப்பை இந்த வாரம் எடுத்துப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் ஆன் செய்யாமல் அப்படியே தனியாக வையுங்கள். மற்றவற்றை ஞாயிற்றுக்கிழமை காலை இங்கே கொண்டு வாருங்கள். நூலகர் அம்மா ஒரு மேஜையும் பிளக் பாயின்ட்டும் ஒதுக்கித் தர இசைந்திருக்கிறார். நானும், பாலிடெக்னிக் மாணவர்கள் சிலரும் இருப்போம். உங்கள் கண் முன்னாலேயே திறந்து, எந்தப் பாகம் பழசு, சரிசெய்ய எவ்வளவு ஆகும், சரிசெய்வது தகுமா என்று சொல்லிவிடுகிறோம். பிறருக்குக் கொடுக்க விரும்புகிறவர்கள் டேட்டாவை நகலெடுத்துக்கொண்டு, டிஸ்க்கை முழுமையாக அழிக்கச் சொல்லிக் கேளுங்கள், செய்து தருகிறோம். வரும்போது சார்ஜரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.